வாடிச் சுவரில் 14416

வணக்கம் உறவுகளே, பாம்பன் கரையிலிருந்து பேசுகிறேன். இந்த வாரம் கருவாட்டு விலையைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அது பொறுக்கும், இது பொறுக்காது. போன வாரம் ஏலம் முடிந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது, கொரோனா ஊரடங்கு போட்ட மாதமே உலகம் முழுவதும் தற்கொலை ஏறிவிட்டது என்று ஒருவர் அடித்துப் பேசினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

அப்படி ஏறவில்லை. 21 நாடுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்த கட்டுரை, கொள்ளைநோயின் முதல் மாதங்களில் அத்தகைய உயர்வு தென்படவில்லை என்றது. ஜப்பானில் முதலில் குறைந்து, 2020 ஜூலைக்குப் பிறகே கூடியது. அதிலும் பெண்களிடையே மிகுதியாகக் கூடியது. அமெரிக்காவில் அந்த ஆண்டு தற்கொலை சற்றுக் குறைந்தது. ஆனால் அளவுமீறிய போதைமருந்தால் இறந்தவர்கள் 70,630இலிருந்து 91,799 ஆகவும், மது தொடர்பாக இறந்தவர்கள் 78,927இலிருந்து 99,017 ஆகவும் பெருகினார்கள்.

நம் தமிழ்நாட்டிலோ தற்கொலை 2019இல் 13,493, 2020இல் 16,883, 2021இல் 18,925 என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிந்திருக்கிறது. நோய் அலை ஓய்ந்தாலும் கடன் ஓய்வதில்லை என்பதைத்தான் நான் இந்தக் கரையில் கண்டேன். 2020 மார்ச்சில் கரையேறிய விசைப்படகுகள் மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்துகொண்டதால் கரையிலேயே கிடந்தன. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் மட்டும் வளர்ந்தது. ஒன்றை விட்டுவிட்டேன்: 61 நாள் தடைக்காலத்தை அந்த ஆண்டு 47 நாளாகக் குறைத்தார்கள்.

மதுக்கடைகள் மூடிக்கிடந்த 2020 ஏப்ரல் தொடக்கத்தில், நமக்கு வடக்கே கோட்டைப்பட்டினத்தில், முகச்சவரத்திற்குப் பின் பூசும் திரவத்தைக் குடித்து மூன்று பேர் இறந்துபோனார்கள். அவர்களைக் குடிவெறியர்கள் என்று ஏசிய பேச்சை நான் அடியோடு வெறுக்கிறேன். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், உறக்கம் போகும், வலிப்பு வரும், சிலருக்கு உயிரே போகும். மருத்துவரிடம் சென்றால் மருந்து கொடுத்துக் காப்பாற்றலாம்.

ஆகவேதான் எங்கள் வாடியின், அதாவது கரையோர மீன் கொட்டகையின், சுவரில் 14416 என்று எழுதினேன். டெலி மானஸ் என்னும் இந்த அரசு மனநல உதவி எண் 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது; கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். நீலப் பெயின்ட் 380 ரூபாய். பேசிப் பேசி 350க்கு வாங்கினேன். முதலில் எழுதியது மறுநாளே உரிந்தது, ஏனென்றால் சுவரில் உப்புப் பூத்திருந்தது. நல்ல தண்ணீர் இரண்டு குடம் ஊற்றித் தேய்த்து, ஒரு பகல் காயவிட்டு, முழ உயர எழுத்தில் மறுபடியும் எழுதினேன். இப்போது படகுத்துறையிலிருந்தே தெரிகிறது. எழுதும்போது அருகில் வலை பொத்திக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்துதரச் சொன்னார். காரணம் நான் கேட்கவில்லை.

அதன் கீழே தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண்ணான 104ஐயும் எழுத இடம் விட்டிருக்கிறேன். பெயின்ட் கால் டப்பா மீதமிருக்கிறது, நாளைக் காலையில் எழுதிவிடுவேன்.