கோடு போட்ட இரண்டு தம்ளர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். காலநிலை மாற்றத்தைப் பள்ளியில் கற்றுத்தரப் பாடப்புத்தகமே போதுமா, விழுமியமும் செயல்திட்டமும் வேண்டுமா என்பது தலைப்பு. புத்தகம் மட்டும் போதாது என்று பேச வந்திருக்கிறேன்.

"முதலில் அறிவியல் புரியட்டும், செயல்திட்டமெல்லாம் அப்புறம்" என்றார் எதிரணி நண்பர். சரி, அறிவியலையே எடுத்துக்கொள்வோம். 'பனி உருகினால் கடல்மட்டம் உயரும்' என்று எழுதினால் முழு மதிப்பெண். எந்தப் பனி உருகினால் என்று யாராவது கேட்கிறார்களா?

இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் பனிக்கட்டியை மிதக்க விடுங்கள். இன்னொன்றில் தண்ணீருக்கு மேல் தலை நீட்டும் கல்லை வைத்து, அதன்மேல் பனிக்கட்டியை வையுங்கள். நீர்மட்டத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டுக் காத்திருங்கள். மிதந்த பனி உருகிய பிறகும் தண்ணீர் கோட்டிலேயே நிற்கும். கல்மேல் இருந்தது உருகியதும் கோட்டைத் தாண்டிவிடும். ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனிக்கும் கிரீன்லாந்து நிலத்தின்மேல் கிடக்கும் பனிக்கும் உள்ள வித்தியாசம் அது. கிரீன்லாந்துப் பனி முழுக்க உருகினால் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும் என்று அப்போது சொல்லிப் பாருங்கள், பிள்ளையின் கண் அந்தக் கோட்டுக்குத்தான் போகும்.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. "புகை விட்டவர் ஒருவர், வீடு மூழ்குவது இன்னொருவருக்கா?" என்று ஒரு மாணவி கேட்டால் எந்தச் சூத்திரம் பதில் சொல்லும்? அது நியாயம் பற்றிய கேள்வி. அதைப் பேசவும் வகுப்பில் நேரம் வேண்டும்.

"அப்பா ஒட்டிக்கொடுக்கும் அட்டைதானே செயல்திட்டம்" என்றும் கேட்டார்கள். அந்த அட்டை எனக்கும் வேண்டாம். நான் கேட்பது ஒரு தராசு. மதிய உணவில் மீந்ததைப் பிள்ளைகளே தினமும் எடைபோட்டு எழுதட்டும். குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அழுகும் உணவிலிருந்து பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வருகிறது என்பதை அப்போது சொல்லுங்கள். அடுத்த மாதம் எடை குறைந்தால், குறைத்தது அவர்கள்.

உலகம் அழியப்போகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்பும் பத்து வயதுப் பிள்ளை ராத்திரி எப்படித் தூங்கும்? பயத்தைக் கொடுக்கிற நாம்தான் கையில் ஒரு வேலையையும் கொடுக்கவேண்டும். அதற்கு வாரம் இரண்டு பாடவேளை கேட்கிறேன், நடுவர் அவர்களே.