அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா?

எல்லோருக்கும் வணக்கம். பேச்சு வந்த குழந்தையிடம் வீட்டுக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்பது இது: "உனக்கு அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா?" விவரமான பிள்ளை இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரையும்" என்று தப்பித்துக்கொள்ளும். நாமும் சிரிப்போம். அம்மா ஒரு வீட்டிலும் அப்பா ஒரு வீட்டிலும் இருக்கும்போது அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்குத் தப்பிக்க வழியே இல்லை. ஆனால் அப்போதுதான் பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் கேட்கிறார்கள்.

சட்டம் நம்மைவிடப் பதமாக நடந்துகொள்கிறது. பிள்ளை யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றிய 1890-ஆம் வருடத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம், யோசித்துச் சொல்லும் வயது பிள்ளைக்கு இருந்தால் அதன் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. கவனியுங்கள், 'கொள்ளலாம்'. பிள்ளை சொன்னதே தீர்ப்பு என்று எங்கும் இல்லை. பல நீதிபதிகள் பிள்ளையைத் தனியாகத் தங்கள் அறைக்கு அழைத்துத்தான் பேசுகிறார்கள். 1956-ஆம் வருடத்து இந்து இளவர், அதாவது மைனர் பிள்ளைகளின், காப்பாளர் சட்டம் பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது. வீட்டில் நாம் தேர்ந்தெடுக்கும் சுமையைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் தூக்கி வைக்கிறோம்.

நான் இருபத்தெட்டு வருடம் ஆறாம் வகுப்பு எடுத்தவள். வீட்டில் சண்டை என்றால் பிள்ளை முரண்டு பிடிக்கும், மார்க் குறையும் என்று நாமெல்லாம் நினைக்கிறோம். அப்படியும் நடக்கும், திங்கட்கிழமை காலையில் வயிற்று வலியும் வரும். எனக்குப் பயம் தந்தது திடீரென்று ரொம்ப நல்ல பிள்ளையாகிவிடுகிறவர்கள்தான். கேட்காமலே போர்டைத் துடைப்பார்கள், எதற்கெடுத்தாலும் 'சாரி மிஸ்' என்பார்கள். நாம் சரியாக இருந்தால் அம்மாவும் அப்பாவும் சேர்ந்துவிடுவார்கள் என்று அந்தச் சின்ன மனசு ஒரு கணக்குப் போட்டிருக்கும். "உன்னால் இல்லை, நீ சரிசெய்ய வேண்டியதும் இல்லை" என்று ஒருமுறை சொன்னால் அது நம்பாது. சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

யார் சொல்வது? கட்சி சேராத ஒரு பெரியவர் வேண்டும். தாய்மாமன் நல்லவர்தான், ஆனால் அக்கா அழுவதைப் பார்த்தவர். 1984-ஆம் வருடச் சட்டப்படி அமைந்த குடும்ப நீதிமன்றங்களில் ஆலோசகர்கள் உண்டு. ஆனால் அங்கே முதலில் பார்ப்பது கணவன் மனைவி ஒத்துப்போக முடியுமா என்பதை. பிள்ளையோடும் தனியாகப் பேசுங்கள் என்று நாம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பலர் வீட்டைவிட்டு ஓடிய பிள்ளைகளுக்கானது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, எந்தக் குழந்தையும் அழைக்கலாம். மனநல உதவிக்கு 14416, இலவசம், இரவும் பகலும் எடுப்பார்கள். வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து நிற்கும் தாய்மார்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது.

அப்புறம், பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். "உங்கப்பாகிட்ட ஃபீஸ் கேளு", "உங்கம்மா போன்ல யார்கூடப் பேசுறா?" இரண்டுமே வேண்டாம்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்து இல்லையென்று ஒரு பெண்ணை மூன்று நாள் திருப்பி அனுப்பினேன். நான்காம் நாள் கையெழுத்தோடு வந்தாள். எழுத்தைப் பார்த்ததுமே அவளே போட்டது என்று தெரிந்தது. திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்: "மிஸ், எனக்கு ரெண்டு கார்டு தருவீங்களா? ஒண்ணு அவர் வர்ற ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்கறேன்." ஆபீஸில் சொல்லி இன்னொரு கார்டு வாங்கி, அன்று மாலை உட்கார்ந்து எல்லா மார்க்கையும் இரண்டாவது தடவை எழுதினேன்.