திமிங்கிலத்துக்குக் காது வரைந்தவர்கள்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, விழாவைத் தொடங்கி வைத்த நூலக அலுவலர் அவர்களே, வேலைப்பளுவுக்கு நடுவிலும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மீன்வளத்துறை, வனத்துறை அதிகாரிகளே, வலை வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் கடலோரப் பெரியவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த வாசகர் வட்டத்துக்குத் தனியாக ஒரு நன்றி.

பழைய வரைபடங்களின் கடல் அரக்கர்களைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். செதுக்கிய விதம், நகலெடுத்த விதம், வண்ணம் தீட்டிய விதம் என்று மூன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நம் முன்னோர் வாக்கு: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

சுவீடன் பாதிரியார் ஓலாவுஸ் மாக்னுஸ் 1539-இல் வெனிசில் அச்சிட்ட வடகடல் படம் ‘கார்ட்டா மரீனா’. ஒன்பது மரக்கட்டைகள். ஒன்பது தாளையும் ஒட்டினால் அகலம் சுமார் 170 செ.மீ., உயரம் 125 செ.மீ. மரக்கட்டை அச்சில் கோடு மேடாக நிற்க வேண்டும். மற்றதைக் குடைந்தெடுக்க வேண்டும். எல்லாம் இடவலம் மாறிச் செதுக்க வேண்டும். மெல்லிய கோடு அழுத்தத்தில் முறிந்துவிடும். இந்த வேலையில் நுணுக்கத்துக்கு அதிக இடமில்லை.

நார்வே கரையோரம் கப்பலைச் சுற்றி வளைக்கும் பாம்பு அதில் இருக்கிறது. 1555-இல் வந்த அவருடைய நூல் அதற்கு 200 அடி நீளம், 20 அடி பருமன் சொல்கிறது. திமிங்கிலங்களின் தலையில் இரண்டு குழாய்கள்! திமிங்கிலம் விடுவது மூச்சுக் காற்றும் நீராவியும். ‘தண்ணீர் பீய்ச்சும்’ என்று கேட்டவர், பீய்ச்சக் குழாய் வைத்துவிட்டார். காதால் கேட்பதும் பொய். அந்த உருவங்கள் நிலநூல் எழுதிய மூன்ஸ்டர், விலங்குநூல் எழுதிய கெஸ்னர், வரைபடத் தொகுப்பு வெளியிட்ட ஓர்ட்டேலியுஸ் என்று கை மாறிக்கொண்டே போயின.

நேரில் பார்க்கப் போனவர்களும் உண்டு. ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1520 டிசம்பரில், இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆண்ட்வெர்ப்பில் இருந்தார். நெதர்லாந்தின் சீலாந்துக் கரையில் திமிங்கிலம் ஒதுங்கியதாகச் செய்தி. நீளம் நூறு பாகத்துக்கு மேல் என்கிறார்கள். கடலோரத்தார் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு பாகம் ஆறடி; அப்படியானால் அறுநூறு அடி! உலகின் மிகப்பெரிய திமிங்கிலமே நூறடி அளவுதான். குளிரில் கிளம்பிவிட்டார். ஆர்னமாய்டன் துறையில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது பெரிய கப்பல் ஒன்று வந்து மோதியது. கட்டியிருந்த கயிறு அறுந்தது. காற்று படகைக் கடலுக்குள் தள்ளிற்று. உள்ளே இருந்தது மாலுமி, ட்யூரர், உடன் வந்த ஒருவர், இரண்டு கிழவிகள், ஒரு சிறுவன். மாலுமி தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு கதறுகிறார். ட்யூரர் தைரியம் சொன்னார். எல்லோருமாகச் சிறிய பாயைப் பாதி ஏற்றினார்கள். எப்படியோ கரை சேர்ந்தார்கள். இத்தனை பாடும் பட்டு உரிய இடத்துக்குப் போனால், கடல் ஏற்றம் வந்து திமிங்கிலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது! அந்தப் பெரும் ஓவியர் அதைக் கண்ணால் காணவே இல்லை.

கண்டவர்கள் சரியாக வரைந்தார்களா? 1598-இல் டச்சுக் கரையில் எண்ணெய்த் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. ஓவியர் கோல்ட்சியுஸ் வரைந்தார், யாக்கோப் மாதம் என்பவர் அதைச் செப்புத்தகட்டில் செதுக்கினார். பக்கத் துடுப்பு கண்ணுக்கு மிக அருகில், காது போல நிற்கிறது. 1601-இல் இத்தாலியின் அன்கோனாவில் ஒதுங்கியதற்கும் ஒரு படம் வந்தது. ‘நேரில் பார்த்து அப்படியே வரைந்தது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதிலும் அதே காது! டச்சுப் படத்தின் நகல் அது. கண்ணால் காண்பதும் பொய்.

வண்ணத்துக்கு நேரமில்லை, நம் கரைக்கு வருகிறேன். மணப்பாடு பக்கம் 1973-இல் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே கரைப்பகுதியில் எண்பதுக்கு மேல். அடுத்த முறை தீர விசாரிக்க நாம் தயாரா?

உயிரோடு இருந்தால் அளவெடுக்க நிற்காதீர்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள், ஈரத்துணி போர்த்துங்கள், மூச்சுத்துளையை மூடாதீர்கள். செத்திருந்தால் அன்றைக்கே அளக்க வேண்டும். அழுகினால் வயிறும் தொண்டையும் ஊதி உருவமே மாறிவிடும். மேல்தாடை நுனியிலிருந்து வாலின் நடுப்பிளவு வரை, உடம்பின் மேல் வளைக்காமல், பக்கத்து மணலில் நேராக நாடா பிடிக்க வேண்டும். வளைவோடு பிடித்தால் நீளம் கூடும். மேல், கீழ்த் தாடைப் பற்களைத் தனித்தனியே எண்ண வேண்டும். அரை மீட்டர் குறியிட்ட கோலை அருகில் வைத்து, நேர் பக்கவாட்டில் படமெடுக்க வேண்டும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, மேலே ஏறக்கூடாது.

அதிகாரிகளே, கடலோர ஊராட்சி ஒவ்வொன்றிலும் 30 மீட்டர் நாடா ஒன்று, குறியிட்ட கோல் ஒன்று, தமிழில் அச்சிட்ட படிவக் கட்டு ஒன்று இருக்க வேண்டும். உங்களை நான் கேட்பது அவ்வளவுதான். அந்தப் படிவத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: கண்ணிலிருந்து பக்கத் துடுப்பின் அடி வரை எத்தனை சென்டிமீட்டர்?