சட்டமே இல்லாத ஊரில் ஒரு டைரி

வணக்கம். சென்னையில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பாடம் முடிந்து நேரம் கிடைக்கும்போதெல்லாம், எதிர்காலம் கெட்டுப்போனால் எப்படி இருக்கும் என்று சொல்லும் நாவல்களை அவர்களோடு உட்கார்ந்து வாசிக்கிறேன். நீட், ஜேஇஇ என்று பிள்ளைகள் ஏற்கெனவே திணறும்போது இந்த இருட்டுக் கதைகள் எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' வெளிவந்தது 1949இல். அவர் பிறந்தது பீகாரில், மோதிஹாரியில் என்று சொன்னதும் வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். அந்தக் கதையில் வீட்டுச் சுவரில் ஒரு திரை இருக்கிறது, அதை முழுசாக அணைக்க முடியாது, எந்த நேரத்தில் நம்மைப் பார்க்கிறது என்பதும் தெரியாது. "நம்ம ஸ்கூல் மாதிரியே இருக்கு மிஸ்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அப்புறம் பட்டியல் நீளும்: வராந்தா கேமரா, ஐடி கார்டு, முடி வெட்டு, பையனும் பெண்ணும் நின்று பேசினால் வீட்டுக்குப் போன்.

சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். ஆனால் எனக்கு முக்கியமான இடம் அதே முதல் அத்தியாயத்தில்தான் இருக்கிறது. கதையின் நாயகன் வின்ஸ்டன் அந்தத் திரையின் பார்வைக்கு எட்டாத மூலையில் உட்கார்ந்து டைரி எழுதத் தொடங்குகிறான். டைரி எழுதுவது அங்கே சட்டவிரோதம் இல்லை, ஏனென்றால் அந்த நாட்டில் சட்டம் என்று எதுவுமே கிடையாது. ஆனால் பிடிபட்டால் மரணம், அல்லது குறைந்தது 25 வருடம் கட்டாய உழைப்பு முகாம். விதிகள் அதிகமாக இருப்பதுதான் அடிமைத்தனம் என்று நினைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் இங்கே திகைத்துப் போகிறார்கள். எது தப்பு என்று எங்கேயும் எழுதி வைக்காமல், எதற்காகவும் யாரையும் தண்டிக்கலாம் என்ற நிலை அதைவிடப் பயங்கரம் இல்லையா?

இந்த இடத்தில் நம் உச்ச நீதிமன்றத்தைக் கொண்டுவருவேன். 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அரசு அதில் கை வைப்பதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவை மீறக் கூடாது. இந்த மூன்றையும் கேள்விகளாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டால், புலம்பலாக இருந்தது வாதமாகிவிடுகிறது. வராந்தா கேமரா வேண்டும் என்று பெண்கள் சிலர் உறுதியாகப் பேசுகிறார்கள், வகுப்புக்குள் எதற்கு என்று அவர்களே கேட்கிறார்கள். முடி வெட்டு விஷயத்தில் இரண்டாவது கேள்வியைத் தாண்டவே சிரமப்படுகிறார்கள். பெற்றோருக்கு என் பதில் இதுதான்: காரணம் கேட்கத் தெரிந்த பிள்ளை, காரணம் சரியாக இருந்தால் அந்த விதியை மனதார ஏற்றுக்கொள்கிறது.

தமிழில் வாசிக்க விரும்புகிறவர்களுக்கு சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இருக்கிறது. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, கதை நடப்பது 2021க்குப் பிறகு. பெயர் இரண்டெழுத்தில் இருக்க வேண்டும், குழந்தை பெறவே அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். தன் பெயரை எப்படி வெட்டுவது என்று ஒவ்வொருவரும் யோசிக்கும்போது கதை அவர்களுடையதாகிவிடுகிறது.

எல்லாப் பழியையும் அரசாங்கத்தின் மேல் போட்டுவிட்டுப் போகவும் விடுவதில்லை. ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' நாவலில் புத்தகங்களை எரிக்கும் படையின் தலைவனே சொல்கிறான், இது மேலிருந்து உத்தரவாக வரவில்லை, மக்களாகவே வாசிப்பதை விட்டார்கள் என்று. 1953இல் வந்த நாவல் இது. போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கும் வகுப்பில் மிகக் கடினமான விவாதம் இதை ஒட்டித்தான் நடக்கும், ஏனென்றால் இங்கே குற்றம் சாட்ட வெளியில் ஆள் கிடைப்பதில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கதைகளுக்கு நோட்ஸ் கொடுக்காதீர்கள், மார்க்கும் போடாதீர்கள். "அந்தத் திரை இருந்தால் எங்கள் தெருவில் திருட்டு குறையும் மிஸ், இருக்கட்டுமே" என்று ஒரு பையன் சொன்னால், நீங்கள் குறுக்கிடாமல், அவன் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லி முடிக்கட்டும். அவனுக்குப் பதில் சொல்ல அடுத்த பெஞ்சில் ஒருத்தி ஏற்கெனவே கையைத் தூக்கியிருப்பாள்.