பனையேறி கெண்டை சிக்கிருச்சு! செதிலைக் கிட்டத்துல பாக்கலாம் வாங்க

வணக்கம் மக்களே, இன்னிக்கு சமையல் கிடையாது, முதல்லயே சொல்லிடுறேன். சிங்கம்புணரி பக்கம் ஒரு கண்மாய்ல தண்ணி வத்தி மீன்பிடி நடந்துச்சு, ஊத்தா, அதான் அடி இல்லாத மீன்பிடி கூடை, போட்டவங்க கூடையைப் பாத்தா ஜிலேபி, ஜிலேபி, எல்லாம் ஜிலேபி, எனக்கு அந்த மீனைக் கண்டாலே ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும், அதுக்கு அடியில கிடக்குது பாருங்க, ஒத்தையா ஒரு பனையேறி கெண்டை, உசுரோட!

வெலையைக் கேளுங்க, 200 ரூவாயாம். உள்ளங்கை நீள மீனு! விரால் வெல சொல்றீகளேண்ணேன்னு நானும் விடல, அவரும் விடல, நான் கெளம்புற மாதிரி நாலு எட்டு வச்சதும்தான் கூப்பிட்டாரு, 120க்கு முடிஞ்சுச்சு, கண்மாய்த் தண்ணியும் வாளி நெறைய ஊத்திக் குடுத்தாரு. இதவிட நல்ல பேரம் நான் பேசுனதே இல்ல.

சரி, ஃபோகஸ் ஆயிருச்சு. தலையைப் பாருங்க, அங்கயும் செதில். ரோகு, கட்லாவுக்கெல்லாம் தலை வெறுந்தலைதான். உடம்புல நாட்டு ஓடு வேஞ்ச மாதிரி பெருசு பெருசா வரிசையா அடுக்கியிருக்கு. வாளியில உதுந்த செதில் ஒன்னை கிட்டத்துல பெருசா காட்டுற மேக்ரோ லென்ஸ்ல வச்சேன், பின் விளிம்பு பூரா பொடிப் பொடியா பல்லு! ரோகு செதில் விளிம்பு வழவழன்னு இருக்கும். இதை வால்லேருந்து தலைப்பக்கமா தடவுனா சொரசொரன்னு கையைப் பிடிக்கும். உடம்போட பக்கத்துல தலையிலேருந்து வால் வரைக்கும் போற பக்கவாட்டுக் கோடும் நேரா போகாது, பாதியில அறுந்து கொஞ்சம் கீழ எறங்கித் திரும்ப ஆரம்பிக்கும்.

ஆங், வால் ஆரம்பிக்கிற எடத்துல கருப்புப் பொட்டு, அதைச் சொல்லாம வந்துட்டேன். செவுள் மூடி ஓரத்துலயும் ஒன்னு மங்கலா இருக்கு. அந்த மூடி விளிம்பு முள்ளு முள்ளா இருக்கா, அதை விரிச்சுத் தரையில ஊனி, வாலால உந்தித்தான் ஈரத்துல நகரும். 1791ல தரங்கம்பாடியில டால்டார்ஃப்னு ஒரு டேனிஷ்கார அதிகாரி, இது பனை மரத்துல ஏறுறதைப் பாத்தேன்னு எழுதினாரு, 1797ல லண்டன்ல அச்சாச்சு. முதுகுத் துடுப்புல மட்டும் 16லேருந்து 20 வரை முள்ளு, பிடிக்கிறப்ப பாத்துப் பிடிங்க.

வளக்கிறவங்க வாளியை மூடி வரைக்கும் ரொப்பிடாதீங்க. செவுளுக்கு மேல காத்தை இழுக்கத் தனி உறுப்பு இருக்கு, மேல வந்து காத்து குடிக்க முடியலேன்னா தண்ணிக்குள்ளயே செத்துரும். நம்ம ஊர்க் கண்மாய்ல இன்னும் தண்ணி கிடக்கு, சாயங்காலம் அங்க விட்டுடப் போறேன், கொழம்புக்குக் கேக்காதீங்க.