சாயங்காலக் காய்ச்சலும் ஒரு நோட்டுப் புத்தகமும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மழைக்காலம் தொடங்கிப் பனி விலகும்வரை எங்கள் காய்ச்சல் வார்டில் உண்ணிக் காய்ச்சல் நோயாளி இல்லாத நாளே இருக்காது. ஆகஸ்ட் கடைசியில் ஒன்றிரண்டு பேர் வருவார்கள். கார்த்திகை, மார்கழியில் கட்டில் போதாது. ஆடு மேய்க்கிறவர்கள், புல் அறுக்கிறவர்கள், களை எடுக்கிறவர்கள், வீட்டுப் பக்கத்துப் புதரில் பந்து பொறுக்கப் போன பிள்ளைகள் என்று எல்லாரும் உண்டு. இந்த நோய் எப்படி வருகிறது, எப்படித் தடுப்பது என்று பலர் பேசிக் கேட்டிருப்பீர்கள். நான் இன்று பேச வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது, மாத்திரையும் தொடங்கியாயிற்று. ஆனாலும் பொழுது சாய்ந்தால் 99.8, 100 என்று உடம்பு மறுபடியும் சுடுகிறது. அந்த நாட்களை வீட்டில் எப்படிக் கடப்பது?

ஸ்க்ரப் டைபஸ் என்று மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருப்பார்கள். புதர்ச் செடிகளில் இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால் யாரும் கவனிப்பதில்லை. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம் என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். டாக்டர் தேடிப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். நாய் மேல் இருக்கும் பெரிய உண்ணி கடித்து வரும் காய்ச்சல் ஒன்றும் உண்டு, அதில் உள்ளங்கை உள்ளங்கால்வரை சிவந்த புள்ளிகள் வரும். இரண்டும் உறவுக்கார நோய்கள். இரண்டுக்கும் முதல் மருந்து டாக்ஸிசைக்ளின்தான். அதனால் இன்று சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

இந்தக் கிருமி நம் ரத்தக் குழாய்களின் உள்பக்கத்துச் செல்களுக்குள்ளேயே போய்க் குடியேறிவிடும். பென்சிலின் வகை மருந்துகள் இதனிடம் பலிக்காது. இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லைக் காடுகளில் இருந்த படைவீரர்கள் இந்தக் காய்ச்சலில் வாரக்கணக்கில் கிடந்தார்கள், பலர் இறந்தும் போனார்கள். 1948இல் கோலாலம்பூரில் குளோராம்ஃபெனிக்கால் கொடுத்துப் பார்த்தபோதுதான் இதை மருந்தால் குணப்படுத்த முடியும் என்று தெரிந்தது. இன்று டாக்ஸிசைக்ளின் தொடங்கினால் பெரும்பாலானவர்களுக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடுகிறது.

இந்த ‘இறங்கிவிடுகிறது’ என்பதில்தான் வீட்டில் குழப்பம் வருகிறது. 103 டிகிரியில் கிடந்தவருக்கு மறுநாளே 98.6 வந்து அங்கேயே நிற்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். எல்லாருக்கும் அப்படி நடக்காது. மருந்து கிருமி பெருகுவதை நிறுத்துகிறது, மிச்சத்தை உடம்புதான் துடைத்தெடுக்க வேண்டும். வீங்கிப்போன ரத்தக் குழாய்கள் ஆறச் சில நாள் பிடிக்கும். அது தவிர, நோயே இல்லாதவருக்கும் விடியற்காலையில் உடல் சூடு குறைந்து, சாயங்காலம் நாலு மணி ஆறு மணிவாக்கில் ஏறத்தாழ ஒரு டிகிரிவரை கூடுதலாக இருக்கும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் 99.5 காட்டினால் அதில் பாதி இயல்பான ஏற்றமாகவே இருக்கலாம்.

என்னிடம் வந்த ஒரு அம்மாவைச் சொல்கிறேன். கழனியில் புல் அறுத்து மாடு வளர்க்கிறவர். மாத்திரை தொடங்கி நாலாம் நாள் வந்து, “டாக்டரம்மா, இந்த மாத்திரை எனக்குக் கேக்கல, வேற நல்ல ஊசியாப் போட்டு வுடுங்க” என்றார். கூட வந்த மகள், பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண், பைக்குள்ளிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்து நீட்டினாள். கட்டம் போட்ட தாளில் காலை, மதியம், சாயங்காலம், படுக்கப் போகும்போது என்று நாலு பத்தி. பக்கத்தில் காய்ச்சல் மாத்திரை போட்ட நேரம். ஓரத்தில் ‘கஞ்சி குடித்தார்’, ‘வாந்தி’ என்று பென்சிலில் குறிப்பு. சாயங்காலப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே விரல் வைத்துப் படிக்கச் சொன்னேன். 103.2, 101.8, 100.4, 99.8. படித்து முடித்ததும் அந்தப் பெண்ணே, “அம்மா, குறைஞ்சுக்கிட்டுதான் வருது” என்றாள். மருந்தை நான் மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவையும் வரவில்லை.

அந்த நோட்டுப் புத்தகத்தைத்தான் உங்கள் எல்லாரிடமும் கேட்கிறேன். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது. ஒரே தெர்மாமீட்டர், ஒரே இடம். வாயில் வைத்தால் எப்போதும் வாயில், அக்குளில் வைத்தால் எப்போதும் அக்குளில். அக்குளில் சூடு கொஞ்சம் குறைவாகக் காட்டும். காபி குடித்திருந்தால் அரை மணி கழித்துப் பாருங்கள். காய்ச்சல் மாத்திரை போடுவதற்கு முன்னால் பார்த்து எழுதுங்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை போதும். மணிக்கொரு தரம் வைத்துப் பார்த்தால் வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது, நோயாளிக்குத் தூக்கமும் போய்விடும்.

99.8க்கு எல்லாம் பாராசிட்டமால் வேண்டியதில்லை. உடம்பு வலி, தலைவலி தாங்கவில்லை, குளிர் உதறுகிறது என்றால் போடுங்கள். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் ஆறு மணி நேர இடைவெளி. இந்த நோயில் ஈரல் பலருக்கும் பாதிக்கப்பட்டிருக்கும். அதனால் அளவு மீறக் கூடாது. மெடிக்கலில் வாங்கும் சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை, இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறார்கள். அதைவிட எனக்குக் கவலை தருவது ஒரே ஊசியில் காய்ச்சலை இறக்குகிறேன் என்று போடப்படும் ஸ்டீராய்டும், டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தும். ஸ்டீராய்டு போட்டால் சூடு இறங்கும், முகம் தெளியும், உள்ளே நோய் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். நோட்டில் எழுதிய எண்ணுக்கும் பிறகு பொருள் இல்லாமல் போய்விடும்.

உண்மையில் முக்கியம் டாக்ஸிசைக்ளினை விடாமல் சாப்பிடுவது. குமட்டல் வரும், அதனால்தான் பலர் நடுவில் நிறுத்துகிறார்கள். வெறும் வயிற்றில் போடாதீர்கள். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். விழுங்கி அரை மணி நேரம் படுக்கக் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். பால், இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம், வயிற்றெரிச்சல் மருந்து இவற்றுக்கு இரண்டு மணி நேரமாவது தள்ளி இடம் கொடுங்கள். வெயிலில் தோல் எரியும், தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு அசித்ரோமைசின் என்ற வேறு மருந்து இருக்கிறது. இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டாலும் டாக்டர் ஏழு நாள் எழுதியிருந்தால் ஏழு நாளும் சாப்பிட வேண்டும். பாதியில் விட்டால் காய்ச்சல் திரும்பி வரலாம்.

காய்ச்சலைப் பட்டினி போட்டு விரட்டும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இந்த நோயில் அது வேண்டாம். கஞ்சி, ரசம் சாதம், மோர், வேகவைத்த முட்டை, எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். சிறுநீர் நிறம் வெளுத்து வரும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு என்று கேட்டுக் குடியுங்கள். வேர்க்க வேர்க்கக் கம்பளி போர்த்தி வைக்காதீர்கள்.

இனி, வீட்டில் இருக்கக் கூடாத நிலைமைகள். மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது, கூப்பிட்டால் சரியாக விழிக்காதது, சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது, கழுத்தை வளைக்க முடியாத தலைவலி, மாத்திரை தங்காத வாந்தி. இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்போதே கிளம்புங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் தெர்மாமீட்டர் 100தான் காட்டுகிறது என்று நின்றுவிடாதீர்கள். மூச்சுத் திணறி வந்த சிலருக்குக் காய்ச்சல் சொற்பமாகத்தான் இருந்தது, நானே பார்த்திருக்கிறேன். நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று இந்திய மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. அது மருத்துவமனையில் செய்வது. வீட்டில் இரண்டு மாத்திரையையும் நீங்களாகச் சேர்த்துப் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை.

மூன்று நாள் மருந்து சாப்பிட்டும் சாயங்கால எண் இறங்கவே இல்லை என்றால், நோட்டை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போங்கள். டெங்கு, மலேரியா, டைபாய்டு, எலிக் காய்ச்சல் எல்லாம் இதே மழைக்காலத்தில்தான் வருகின்றன. நோய் வேறாகவோ இரண்டாவது நோய் சேர்ந்தோ இருக்கலாம். முழுவதும் விட்ட காய்ச்சல் மறுபடி ஏறினால், குளுக்கோஸ் ஏற்றிய கையில் வீக்கம் இருக்கிறதா, சிறுநீர் கழிக்கும்போது எரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். மருந்துக் கெடு முடிந்தும் இரண்டு வாரம் சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, இருமல் என்று நீடித்தால் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

காய்ச்சல் விட்ட பிறகும் சில வாரம் உடம்பு ஏறாது. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம். “காய்ச்சல்தான் விட்டுடுச்சே, இன்னும் என்ன படுக்கை?” என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். அந்த அசதி பொய் இல்லை. வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களும் மாமியார் மருமகள்களும் கணவன்மார்களும் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் வீட்டுக்குள் நடமாட்டம், அடுத்த வாரம் அரை நாள் வேலை, பிறகு முழு வேலை என்று போகலாம். மறுபரிசோதனைக்கு வரும்போது நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவாருங்கள். இடையில் மருந்து பற்றிச் சந்தேகம் வந்தால் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் எந்த நேரமும் கேட்கலாம்.

நன்றி, வணக்கம்.