ஆறில்லாத குடாநாட்டின் நீர்வழிகள்

அவைத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவர்களே,

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரைபடத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றைக்கூடக் காணமுடியாது. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அராலியருகே கடலேரியிற் கலக்கும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்க்கும் மழை எங்கே போகிறது என்ற கேள்விக்கான விடை, நாம் குடியிருக்கும், மயோசீன் என்னும் தொன்மையான புவியியற் காலத்தில் உருவான சுண்ணக்கல்லிலேயே இருக்கிறது.

சுண்ணக்கல் உடைந்து தேய்வதோடு நிற்பதில்லை; நீரிற் கரையவும் செய்கிறது. தூய நீர் அதனை மிகச் சிறிதளவே கரைக்கும். மழைநீரோ காற்றிலிருந்தும், அதைவிடப் பன்மடங்காக, வேர்களும் நுண்ணுயிர்களும் மண்ணுக்குள் விடும் மூச்சிலிருந்தும் காபனீரொட்சைட்டைப் பெற்று மென்மையான அமிலமாகி, கல்சியம் காபனேற்றைக் கரையக்கூடிய இருகாபனேற்றாக மாற்றிக்கொண்டு போய்விடுகிறது. நீர் கொதிக்கும்போது அந்த வாயு வெளியேறுவதால் கேத்தலின் அடியிற் படியும் வெள்ளைப் படிவு, அப்படிக் கரைந்துபோன கல்தான்.

இந்தக் கரைதல் எங்கும் ஒரே சீராக நடப்பதில்லை. வெடிப்புள்ள இடத்தில் நீர் கூடுதலாகச் செல்கிறது. கூடுதலாகச் செல்வதால் வெடிப்பு அகல்கிறது. அகன்ற வெடிப்பு அயலிலுள்ள நீரையும் தன்பால் இழுத்துக்கொள்கிறது. மயிரிழை போன்ற பிளவுகள் இவ்வாறு நெடுங்காலத்தில் குழாய்களாகவும் குகைகளாகவும் வளர, கூரை தாங்காத இடத்தில் நிலம் இடிந்து குழியாகிறது. இத்தகைய நிலத்தோற்றத்திற்குரிய கார்ஸ்ட் என்னும் பெயர், இத்தாலி–சுலோவீனியா எல்லையிலுள்ள மேட்டுநிலத்திலிருந்து வந்தது. சேர்பியப் புவியியலாளர் யோவான் சுவிஜிச் 1893 இல் வெளியிட்ட ஆய்வு அதனை அறிவியலில் நிலைநாட்டியது. அங்குள்ள பெருங்குகைகள் தட்டையான நமது குடாநாட்டில் இல்லை என்பதற்காக, இங்கே கார்ஸ்ட் இல்லையென எண்ணிவிடலாகாது.

புத்தூரருகே உள்ள நிலாவரையைப் பாருங்கள். அடியில்லாக் கிணறு என்று ஊர் சொல்லும் அது, குகையொன்றின் கூரை இடிந்து உண்டான ஆழ்குழியே. அதன் மேற்பகுதியில் நன்னீரும் கீழே உவர்நீரும் இருப்பது தற்செயலன்று. கீரிமலையில் கடலோரத்திலேயே நன்னீர் ஊறுவதும் அத்தகையதே. கல்லுக்குள் ஓடிவந்த மழைநீர் கடலிற் கலக்குமுன் அங்கே வெளியே வருகிறது. இரண்டுக்கும் நிலத்துக்கடியில் தொடர்புண்டென்ற ஊர்க்கதையை நான் உறுதிசெய்யவில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொன்னவர்கள் தம் காலடியிலுள்ள கல்லின் இயல்பைச் சரியாகவே உணர்ந்திருந்தார்கள்.

குடாநாட்டின் நன்னீர், அடர்த்தி கூடிய கடல்நீரின்மேல் வில்லைவடிவில் மிதக்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை அது இறங்கியிருக்கும் என்பது கைபன்–ஹேர்ஸ்பேர்க் விதி. கோட்பாட்டளவில் இதன் மறுபக்கம் கடுமையானது. மேலே நீர்மட்டம் ஒரு சாண் இறங்கினால், கீழே உவர் எல்லை நாற்பது சாண் ஏறவேண்டும். நடைமுறையில் அது உடனடியாகவும் முழுமையாகவும் நிகழாவிட்டாலும், துலா மிதித்து இறைத்த காலத்தில் இல்லாத ஆபத்தை நீரிறைக்கும் இயந்திரம் கொண்டுவந்துவிட்டது. கடற்கரைக் கிணறுகள் கோடையில் உவர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மழையை விரைந்து உள்ளே விடும் கல், மற்றவற்றையும் அவ்வாறே விடுகிறது. மணலின் ஊடாக மெல்ல இறங்கும் நீர் வழியில் ஓரளவு வடிகட்டப்படும்; அகன்ற வெடிப்பின் வழியே விழும் நீருக்கு அந்த வாய்ப்பில்லை. வெங்காயத் தோட்டத்திற்கு இட்ட உரமும் மலகூடக் குழியின் கசிவும் நைத்திரேற்று என்னும் நைதரசன் சேர்மமாகக் கிணற்றைச் சேர்கின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்த கிணறுகள் செறிவான வேளாண்மை நடக்கும் செம்மண் பகுதிகளில் கண்டறியப்பட்டுள்ளன. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே இத்தனை அடி இருந்தாற் போதுமென்று நிலத்தின் மேலே அளந்து சொல்லும் கணக்கு மணற்பாங்கான ஊர்களுக்கு ஓரளவு பொருந்தலாம். சுண்ணக்கல் நிலத்திலோ அழுக்கு எவ்வளவு தூரம், எந்தத் திசையில் போகும் என்பதை வெடிப்புகளே தீர்மானிக்கின்றன.